திருமலையில மீட்டிங் தேடி அலைஞ்சதும், அங்க போய் இருந்ததும்

முதல் தரம் நான் திருகோணமலையில, குடிய விடுறதுக்கு ஏஏ மீட்டிங் தேடிப் போனது 2022 ஜூன் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். போன்ல தேடி எடுத்த ஒரு பழைய லிஸ்ட்ல திருகோணமலை எண்டு போட்டு நாள், நேரம், ரோட் எல்லாம் இருந்திச்சு. ஆறரைக்கு எண்டு கிடந்தது, நான் ஆறு மணிக்கே போய் கேட்டுக்கு முன்னால நிண்டன். கேட்டுல பெரிய பூட்டு, பூட்டுல துரு. ஏழு மணி மட்டும் நிண்டு பாத்தன், ஒருத்தரும் வரேல்ல, ரோட்டால போற எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டு போற மாதிரி இருந்திச்சு, பிறகு திரும்பி நேரா சாராயக் கடைக்குத்தான் போனன். அண்டைக்குக் குடிக்கிறதுக்கு நல்ல சாட்டு ஒண்டு கிடைச்சிட்டுது, நான் போனன்தானே, பூட்டியெல்லோ கிடந்தது எண்டு. அந்தச் சாட்டை வச்சே இன்னும் அஞ்சு மாசம் குடிச்சன்.

அந்தப் பூட்டுக்காகத்தான் இதை எழுதுறன். இண்டைக்கும் யாரும் ஒரு ஆள் அப்பிடி ஒரு கேட்டடியில நிக்கக்கூடும்.

நான் சொல்லுறது ஏஏ மீட்டிங், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எண்டுறது. குடிய விட நினைக்கிற ஆக்களே கூடி இருந்து கதைக்கிற இடம். அங்க டொக்டர் இல்ல, வாத்தியார் இல்ல, பீஸ் இல்ல, பதிவு இல்ல. ஆனா நம்மட மாதிரி ஊர்ல மீட்டிங் நடத்துறது நாலஞ்சு பேர்தான், ஒருத்தர் வெளிநாடு போனா, இன்னொருத்தருக்குச் சுகமில்லாட்டி, இடம் மாறும், நாள் மாறும், லிஸ்ட் மாறாது. அதால எழுதிக் கிடக்கிறதை நம்பி நேர போகாதீங்க. முதல்ல போன் அடிச்சு, இந்தக் கிழமை நடக்குதா, எந்த வாசலால வாறது, தமிழா சிங்களமா எண்டு கேட்டிட்டுப் போங்க. ஒரு நம்பர் வேலை செய்யாட்டி அதோட விட்டிடாதீங்க. அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குல கேளுங்க, காசில்ல, அங்க இருக்கிற நேர்ஸ்மாருக்கு ஊர்ல யார் குடிய விட்டிட்டு இருக்கினம் எண்டு நல்லாத் தெரியும். இலங்கையில 1926 மனநல உதவி நம்பர், 24 மணித்தியாலமும் எடுப்பினம். 1927 அபாயகர ஔடதங்கள், அதாவது போதைப்பொருள், கட்டுப்பாட்டுச் சபையின்ட நம்பர். எடுத்த உடன தமிழ்ல கதைக்கிற ஆள் வேணும் எண்டு சொல்லுங்க, அதைக் கேக்க வெக்கப்படத் தேவையில்ல.

என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லுறன். பாலையூற்றுப் பக்கம் வீடு, வயரிங் வேலை. 19 வயசுல கூட்டாளிமாரோட நிலாவெளிக் கடற்கரையில ஒரு பியர்ல தொடங்கினது, முப்பதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கால் போத்தல், பிறகு அரை. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அந்தக் காலத்தில வயரிங் செய்யிறவனுக்கு என்ன வேலை இருக்கப் போகுது, விடியவே தொடங்கிடுவன். சாராய விலை ஏற ஏற கசிப்புக்கு, கள்ளச் சாராயத்துக்கு இறங்கினன். போயாவுக்கு, பௌர்ணமி லீவுக்குக் கடை பூட்டு எண்டு முதல் நாளே வாங்கி தண்ணி டாங்கிக்குப் பின்னால ஒளிச்சு வைப்பன். மாசத்தில போயா எண்டைக்கு எண்டு கலண்டர் பாக்காமலே தெரியும் எனக்கு.

நவம்பர்ல ஒருநாள் காலமை வீட்டு அயன் பொக்சின்ட பிளக்கை மாத்த வெளிக்கிட்டன். மூண்டு ஸ்க்ரூ, சின்ன வேலை. டெஸ்டரை ஸ்க்ரூவின்ட வெட்டில வைக்க ஏலேல்ல, கை அப்பிடி ஆடுது. மகளுக்கு அப்ப எட்டு வயசு, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோட பக்கத்தில வந்து குந்தி ஒண்டும் சொல்லாம என்ட மணிக்கட்டை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சா. ஸ்க்ரூ இறுகும் மட்டும் விடேல்ல. பிறகு எழும்பிப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போயிட்டா. அண்டையோட விடுறது எண்டு முடிவெடுத்தன், ஒருத்தருக்கும் சொல்லேல்ல.

அது பிழையான வேலை, இதை எல்லாரும் கவனமா வாசியுங்க. ஒவ்வொரு நாளும் கனக்கக் குடிக்கிற ஆள் திடீரெண்டு தனிய நிப்பாட்டக் கூடாது. மனசில உறுதி இருக்கோ இல்லையோ, உடம்பு வேற கணக்கு வச்சிருக்கு. கடைசியாக் குடிச்சு ஆறு, எட்டு மணித்தியாலத்தில நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் மூண்டாம் நாளில சிலருக்கு ஆளே மாறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும், கவனிக்காட்டி உயிர் போகும். எனக்கு ரெண்டாம் நாள் விடிய வலிப்பு வந்திச்சு. பக்கத்து வீட்டில காத்துக் கறுப்பு எண்டு சொல்லி நூல் கட்டக் கூட்டிப்போகச் சொன்னவங்க, நல்லகாலம் தம்பி 1990க்கு அடிச்சான், அம்புலன்ஸ் காசில்லாம வந்து ஏத்திக்கொண்டு போச்சு. மூண்டாம் நாள் இரவு வார்ட்டில படுத்திருக்கேக்க சுவர்ல இருந்து வயர் வயரா இறங்கி நெளிஞ்சு வந்து கட்டில் காலைச் சுத்துது, நான் மெயினை ஓஃப் பண்ணுங்க எண்டு கத்தினனாம். விற்றமின் பி1 ஊசி போட்டு, நடுக்கத்துக்குக் குளிசை தந்து, அந்தக் குளிசையை நாளுக்கு நாள் குறைச்சு, ஆறாம் நாள் விட்டவங்க. ஆகவே முதல் டொக்டர், பிறகு மீட்டிங். மீட்டிங் ஆக்களே இதைத்தான் சொல்லுவினம்.

வீட்ட விடேக்க ஒரு நேர்ஸ் அக்கா கிளினிக் கார்ட்டின்ட பின்பக்கத்தில ஒரு நம்பர் எழுதித் தந்தா. இவருக்கு எடுங்க தம்பி, இவரும் இதே கட்டில்ல படுத்தவர்தான் எண்டா. பதினொரு நாள் பேர்சுக்குள்ள வச்சிருந்தன். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாப்பன், வைப்பன். பன்னெண்டாம் நாள் பின்னேரம் அஞ்சு மணிக்கு வாய் உலர்ந்து, கால் தானா ரோட்டுக்கு இழுக்குது, அப்பதான் அடிச்சன். எடுத்த ஆள் பேர் கேக்கேல்ல, எவ்வளவு குடிக்கிறீங்க எண்டு கேக்கேல்ல. எங்க நிக்கிறீங்க எண்டார், சொன்னன். அங்கயே நில்லுங்க, நான் வாறன் எண்டார்.

சைக்கிள்லதான் வந்தார். பைக்குக்குக் கியூஆர் கோட்டில கிழமைக்கு 4 லீட்டர் பெற்றோல் தந்த காலம், அது முடிஞ்சிட்டுதாம். ஹாபர்ல வேலை செஞ்சு பென்சன் எடுத்தவர், அறுபதைத் தாண்டின ஆள். ஹாபர் அண்ண எண்டே சொல்லுறன். டச்சு பே கடற்கரையில போய் இருந்தம், ரெண்டு சுருள் கச்சான் வாங்கினார். என்ட கையில சுருள் ஆடி ஆடிக் கச்சான் மணல்ல கொட்டுது, கோட்டைப் பக்கம் இருந்து வாற மான் ஒண்டு கிட்ட வந்து அதை மணந்து மணந்து தின்னுது. அவர் அதைப் பாத்திட்டு என்ட கையைப் பாக்காம கடலைப் பாத்துக்கொண்டே தன்ட கதையைச் சொன்னார். சம்பளத் தாளை வீட்டில காட்டாம மறைச்சது, தாயின்ட செத்த வீட்டில வெறியில விழுந்தது, எல்லாம். எனக்குப் புத்தி ஒண்டும் சொல்லேல்ல. இப்பிடிக் குடிச்சா ஈரல் போகும், பிள்ளையள் நடுத்தெருவில எண்டெல்லாம் நான் ஆயிரம் தரம் கேட்ட ஆள், அதில ஒரு வசனம் அவர் வாயில வரேல்ல. ஒரு மணித்தியாலம் கழிச்சு நானும் கதைக்கத் தொடங்கிட்டன், தண்ணி டாங்கிக்குப் பின்னால ஒளிச்சதை வாழ்க்கையில முதல் தரம் ஒருத்தருக்குச் சொன்னன்.

எழும்பேக்க, மீட்டிங் எப்ப, எங்க எண்டு கேட்டன். இவ்வளவு நேரமும் நடந்தது என்ன எண்டார். பிறகுதான் சொன்னார், ஏஏ தொடங்கினதே இப்பிடித்தானாம். 1935ல அமெரிக்காவில ஏக்ரன் எண்ட ஊர்ல, வேலையா வந்த பங்குச் சந்தைக்காரர் ஒருத்தருக்குக் குடிக்க வேணும் போல வந்து, இன்னொரு குடிகாரனோட கதைச்சாத்தான் தப்பலாம் எண்டு தேடிப்போய் அந்த ஊர் சத்திரசிகிச்சை டொக்டர் ஒருத்தரைப் பிடிச்சாராம். ரெண்டு பேரும் இருந்து கதைச்சதுதான் முதல் கூட்டம். ரெண்டு மூண்டு குடிநோயாளிகள் குடிக்காம இருக்கிறதுக்காக ஒண்டா இருந்தா, வேற ஒண்டோடயும் சேராம இருந்தா, அது ஒரு குரூப் எண்டு அவங்கட வழக்கத்திலயே இருக்கு. கொழும்பில, சென்னையில கிழமைக்கு எத்தினையோ மீட்டிங் நடக்கலாம், நம்மட ஊர்ல இல்லையே எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுறது. மீட்டிங் ஹோலைத் தேடாதீங்க, ரெண்டாவது ஆளைத் தேடுங்க.

வியாழக்கிழமை ஹோலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சேர்ச்சின்ட பின் பக்கத்து அறை. வாசல்ல காலை வச்ச உடன எனக்குத் திக் எண்டுது, அந்த அறைக்கு வயரிங் செஞ்சது நான்தான், 2017ல. சுவிச் போர்ட் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது, கீழ் மூலையில ஒரு ஸ்க்ரூ இல்ல, நான் போடாம விட்டது. அண்டைக்கு மத்தியானமே குடிச்சிட்டுத்தான் செஞ்சன், காசை வாங்கிக்கொண்டு ஓடினன். ஒரு மணித்தியாலமும் கதிரையில இருந்து அந்த ஓட்டையையே பாத்துக்கொண்டு இருந்தன். என்ட முறை வந்தப்ப பேரைச் சொன்னன், நான் ஒரு குடிநோயாளி எண்டு சொல்ல வாய் வரேல்ல, அந்த போர்ட்டைக் காட்டி அது என்ட வேலை எண்டு மட்டும் சொன்னன். ஒருத்தரும் சிரிக்கேல்ல. அடுத்த கிழமை ஸ்க்ரூ கொண்டு போய்ப் போட்டன்.

உள்ளுக்க என்ன நடக்கும் எண்டு பயப்பிடுற ஆக்களுக்காகச் சொல்லுறன். ஒரு ஆள் நடத்துவார், அண்டைக்கு யார் முறையோ அவர். கொஞ்ச நேரம் அமைதி, ஒரு சின்னப் பிரார்த்தனை, ஏஏ புத்தகத்தில இருந்து ஒரு துண்டு வாசிப்பினம், பிறகு ஒவ்வொருத்தரா தன்ட கதையைச் சொல்லுவினம், அதைப் பகிர்வு எண்டுவம். ஒருத்தர் கதைக்கேக்க மற்றவர் குறுக்க பேசுறதில்ல, பதில் சொல்லுறதில்ல, அது பிழை இது சரி எண்டு தீர்ப்பு சொல்லுறதில்ல. கதைக்க விருப்பமில்லாட்டி பேரைச் சொல்லி, இண்டைக்குக் கேக்கத்தான் வந்தன் எண்டா போதும், ஆறு மாசம் அப்பிடியே இருந்த ஆளையும் எனக்குத் தெரியும். அண்டைக்குக் குடிச்சிட்டு வந்தாலும் துரத்த மாட்டினம், கதைக்காம இருந்து கேளுங்க எண்டுவினம். கடைசியில ஒரு டின் சுத்தி வரும், ஏலுமான ஆக்கள் 50, 100 போடுவினம், வாடகைக்கும் தேத்தண்ணிக்கும். புது ஆள் போடத் தேவையில்ல. வெளி ஆக்களிட்ட, அரசாங்கத்திட்ட, கட்சியிட்ட ஒரு சதம் வாங்குறதில்ல. சேர்றதுக்கு ஒரே தகுதி, குடிய விடவேணும் எண்ட ஆசை. மூடின மீட்டிங், திறந்த மீட்டிங் எண்டு ரெண்டு வகை இருக்கு. மூடினதுக்குக் குடிப் பிரச்சினை இருக்கிற ஆக்கள் மட்டும். திறந்ததுக்கு மனிசி, அம்மா, கூட்டாளி யாரையும் கூட்டிக்கொண்டு போகலாம், தனியப் போகப் பயமெண்டா திறந்த மீட்டிங் எப்ப எண்டு கேட்டுப் போங்க.

சேர்ச்சில நடக்குது எண்டோன்ன மதம் மாத்துற இடமோ எண்டு என்ட அம்மா பயந்தவ. இல்ல. அறை வாடகைக்கு எடுத்தது, அவ்வளவுதான். கடவுள் எண்டு வாற இடத்தில அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள் எண்டுதான் சொல்லுறது. நான் கோணேசரை நினைக்கிறன். கிண்ணியாவில இருந்து வாற முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், நானா எண்டுவம், இருக்கிறார், அவர் தொழுதிட்டுத்தான் வாறவர். அவருக்கு இந்த நோய் வந்ததை ஊர்ல வாய் திறந்து சொல்லவே ஏலாது, குடிச்சவன் எண்ட வெக்கம் நமக்கு ஒரு மடங்கெண்டா அவருக்குப் பத்து மடங்கு, அந்தப் பாரத்தோட பாலத்தைத் தாண்டி வந்து வாசல்ல செருப்பைக் கழட்டுற அவரைப் பாக்கேக்க எனக்கு மரியாதை வரும். சீனன்குடாப் பக்கத்துச் சிங்களத் தம்பி ஒருத்தர், மல்லி எண்டுவம், தமிழ் பாதிதான் விளங்கும், அவர் சிங்களத்தில சொல்லுவார், ஹாபர் அண்ண தமிழாக்கிச் சொல்லுவார். சில நாள் மாத்தவே தேவைப்படாது, விடிய எழும்பிக் கட்டிலுக்குக் கீழ போத்தல் தேடுறதை அவர் கையாலயே காட்டினார்.

இனி ஊர்ப் பயம். திருமலை சின்ன ஊர். மெயின் ஸ்ரீட்டில தும்மினா உப்புவெளியில கேக்கும். மீட்டிங்குக்குப் போறதை யாரும் கண்டா என்ன சொல்லுவாங்கள், வேலை தருவாங்களா எண்டு எனக்கு நெஞ்சு அடிச்சது உண்மை. ஆனா நான் வெறியில ரோட்டில கிடந்ததை ஊரே பாத்ததுதானே, அது தெரிஞ்ச ஆக்களுக்கு நான் விடப் போறது தெரிஞ்சா என்ன குறையும் எண்டு மனிசிதான் கேட்டா, அதுக்கு என்னட்டப் பதில் இல்ல. எங்கட குரூப்பில ஒரு ஒழுங்கு இருக்கு, யார் வந்தவர், என்ன சொன்னவர் எண்டது அந்த அறைக்குள்ளயே இருக்கவேணும். சந்தையில சந்திச்சா மற்றவர் முதல்ல தலையாட்டினாத்தான் நாங்க கதைப்பம். பக்கத்தில ஆள் நிண்டு, இவரை என்னண்டு தெரியும் எண்டு கேட்டா, வேலை விசயமாத் தெரியும் எண்டு சொல்லிட்டுப் போயிடுவம். மூண்டு வருசத்துக்கு மேல போறன், என்ட கதை அந்த அறையால வெளிய வந்து நான் கேட்டதில்ல. பெண்களுக்கு இந்தப் பயம் இன்னும் கூட, குடிக்கிற பெண் எண்டாலே ஊர் என்ன சொல்லும் எண்டு தெரியும்தானே. அவைக்கு ஒன்லைன்ல பெண்கள் மட்டும் இருக்கிற மீட்டிங் நடக்குது, அதால தொடங்குறது நல்லது எண்டு நினைக்கிறன்.

ஒன்லைன் மீட்டிங்கைப் பத்தி ஒரு விசயம். தமிழ்நாட்டில ஏஏ நல்லாப் பரவி இருக்கு, சூம்ல தமிழ் மீட்டிங் கனக்க நடக்குது. நேரம் கணக்குப் பாக்கத் தேவையில்ல, அங்கயும் இங்கயும் ஒரே நேரம்தான். கமராவை ஓஃப் பண்ணலாம், பேருக்கு ஒரு எழுத்து மட்டும் போடலாம். அவங்கட தமிழ் முதல்ல கொஞ்சம் வேகமாத்தான் இருந்திச்சு, நான் வெறி எண்டு சொன்னது அவங்களுக்குக் கோபம் மாதிரி விளங்கிச்சு, போதையைத்தான் சொல்லுறன் எண்டு பிறகு விளங்கப்படுத்தினன். வேலைக்குப் போன வீட்டில ஓனர் சாராயம் ஊத்தி நீட்டின ஒரு நாள், பாத்ரூமுக்குள்ள போய் இயர்போனைப் போட்டு இருவது நிமிசம் யாரோ ஒரு மதுரைக்காரர் கதைக்கிறதைக் கேட்டிட்டு வெளிய வந்து எனக்கு வேணாம் எண்டு சொன்னன். ஆனா என்ட அபிப்பிராயம், ஒன்லைன் மட்டும் காணாது. போனை ஓஃப் பண்ணினா எல்லாம் முடிஞ்சிடும். கதிரையில இருந்தா, ஒரு கிழமை வராட்டி ஏன் வரேல்ல எண்டு தேடி வர ஆள் இருக்கு.

மீட்டிங் ஏழு மணிக்கெண்டா ஆபத்தான நேரம் அஞ்சில இருந்து ஏழு வரைக்கும். வேலை முடியும், கையில நாட்கூலி இருக்கும், வயிறு வெறுமையா இருக்கும். நான் செஞ்சது இதுதான். கூலியை மேசன் பாஸிட்டச் சொல்லி மனிசியின்ட பாங்க் புத்தகத்துக்குப் போட வச்சன், கையில பெற்றோல் காசு மட்டும். வேலையால வந்த உடன ரெண்டு பணிஸும் சீனி கூடப் போட்ட பால் தேத்தண்ணியும், பசிக்கிற நேரம் வாற குடி ஆசை பாதி பசிதான், அது எனக்குத் தெரிய ஒரு மாசம் பிடிச்சிது. பொக்கெட்டில பனங்கட்டித் துண்டு வச்சிருப்பன். சாராயக் கடை இருக்கிற ரோட்டை விட்டு ஓர்ஸ் ஹில் பக்கத்தால சுத்திப் போவன், பத்து நிமிசம் கூட எடுக்கும், எடுக்கட்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில எது இருக்கு எண்டு பாருங்க, ரெண்டு சேந்தா உடன ஒருத்தருக்குப் போன் அடியுங்க எண்டு குரூப்பில சொல்லித் தருவினம். மீட்டிங்கில வாங்குற போன் நம்பர் அதுக்குத்தான். குடிக்கிறதுக்கு முதல் அடிக்க வேணும், குடிச்ச பிறகு அடிச்சுப் பிரயோசனம் குறைவு. கல்யாண வீடு, செத்த வீடு எண்டா நான் போக முதல் ஒரு கோல், வந்த பிறகு ஒரு கோல், கையில எப்பவும் சோடாக் கிளாஸ். வெறுங்கையோட நிண்டா யாரும் ஒருத்தர் ஊத்தித் தருவார்.

முதல் மீட்டிங்கை வச்சு முடிவெடுக்காதீங்க. எனக்கு ரெண்டாவது மீட்டிங் பிடிக்கவே இல்ல, ஒருத்தர் அரை மணித்தியாலம் தன்ட காணி வழக்கைச் சொன்னார். ஆறு தரம் போய்ப் பாருங்க, பிறகு சொல்லுங்க. புது ஆளுக்கு 90 நாளைக்கு 90 மீட்டிங் எண்டு ஒரு பேச்சு இருக்கு, இங்க கிழமைக்கு ஒண்டுதானே, மற்ற நாளுக்கு ஒன்லைனையும் ஹாபர் அண்ணையோட கடற்கரையில இருக்கிறதையும் சேத்து நான் சமாளிச்சன்.

2023 சித்திரைப் புதுவருசத்துக்கு விழுந்தன். அஞ்சு மாசம் குடிக்காம இருந்திட்டு, மச்சான் வீட்டில ஒரு கிளாஸ்தானே எண்டு தொடங்கி, மூண்டு நாள். நாலாம் நாள் விடிய ஹாபர் அண்ணைக்கு அடிச்சு அழுதன். வியாழக்கிழமை நடக்குது, வாங்க எண்டார். அந்த ஹோலுக்குள்ள திரும்பிப் போற பத்தடி, முதல் நாள் போனதை விடக் கஸ்டம். நானா எழும்பித் தேத்தண்ணி ஊத்தித் தந்தார், என்ட கதிரையை இழுத்து விட்டார், அவ்வளவுதான், வேற ஒரு சொல் இல்ல. நாள் திரும்ப ஒண்டில இருந்து எண்ணினம். அந்த அஞ்சு மாசமும் வீணாப் போச்சு எண்டு நினைச்சன், ஆனா திரும்பிப் போற வழி தெரிஞ்சதே அந்த அஞ்சு மாசத்தாலதான். அந்த 17ஆம் திகதியில இருந்து இண்டைக்கு மட்டும் குடிக்கேல்ல.

ஸ்பொன்சர் எண்டு ஒருத்தரைப் பிடிக்கச் சொல்லுவினம், குடிய விட ஏஏ சொல்லித் தாற பன்னெண்டு படியையும் உங்களோட இருந்து செஞ்சு தாற ஆள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், குறைஞ்சது ஒரு வருசமாவது குடிக்காம இருக்கிற ஆளாப் பாருங்க. கதை நல்லாச் சொல்லுற ஆளைத் தேடாதீங்க, போன் எடுக்கிற ஆளைத் தேடுங்க.

ஒரு விசயத்தில எனக்குக் கோவம் இருக்கு. விழுந்து எழும்பின பிறகு ஆள் ஒருத்தர் வந்து, மீட்டிங் வாறனிங்கதானே, டொக்டர் தந்த குளிசையை விடுங்க, அதுவும் ஒரு போதைதான் எண்டு சொன்னார். நான் அதைக் கேட்டு மன அழுத்தக் குளிசையை நிப்பாட்டி ஒரு கிழமை நித்திரை இல்லாமக் கிடந்தன். மீட்டிங்கில மருந்தைப் பத்தித் தீர்ப்பு சொல்ல ஒருத்தருக்கும் உரிமையில்ல, அது டொக்டரின்ட வேலை. அதே மாதிரி வீட்டு ஆக்கள் புருசனுக்குத் தெரியாமக் குழம்பில, குடிய விடப் பண்ணும் எண்டு விக்கிற தூளைக் கலக்கிறது. என்ட மனிசியும் யாரோ சொல்லி ஒரு பைக்கெட் வாங்கி வச்சிருந்தவ. குடிச்சா வாந்தி எடுக்க வைக்கிற மருந்து உண்மையா இருக்கு, டைசல்ஃபிரம் எண்டுவாங்க, டொக்டர் பாத்து, குடிக்கிற ஆளுக்குச் சொல்லி, அவர் சம்மதிச்சு எடுக்கிற மருந்து அது. தெரியாமக் கலந்து குடுத்து மேல சாராயம் போனா நெஞ்சு நிண்டு போகக்கூடும். தூளில என்ன இருக்கு எண்டு வித்தவனுக்கே தெரியாது. கையெடுத்துக் கேக்கிறன், அதைச் செய்யாதீங்க. வீட்டு ஆக்களுக்கு அல்-அனோன் எண்டு வேற கூட்டம் இருக்கு, குடிக்கிற ஆள் விட்டாலும் விடாட்டியும் அவை போகலாம். மனிசி தமிழ் ஒன்லைன் மீட்டிங்குக்குப் போறா, அங்க என்ன கதைக்கிறா எண்டு நான் கேக்கிறதில்ல. முதல் மாசத்திலயே அவ என்ட வாயை மணந்து பாக்கிறதை நிப்பாட்டிட்டா, அது மட்டும் தெரியும்.

போன மாரியில ஒரு வியாழன், வாடைக் காத்தோட மழை கொட்டுது, ரோட்டெல்லாம் முழங்கால் தண்ணி, கரண்ட் இல்ல. ஹாபர் அண்ணைக்குச் சுகமில்ல, மல்லி வரேல்ல. நான் போய்ப் போன் லைட்டை மேசையில நிறுத்தி வச்சிட்டுத் தனிய இருந்தன். ஏழரைக்கு நானா நனைஞ்சு கொண்டு வந்தார், கிண்ணியாவில இருந்து பஸ்ஸில. ஏன் நானா இந்த மழையில எண்டு கேட்டன். நான் வராட்டி நீங்க தனியத்தானே இருப்பீங்க எண்டார். அமைதி, பிரார்த்தனை, வாசிப்பு எல்லாம் ஒழுங்கா நடத்தினம், ஒன்பது மணி மட்டும் ரெண்டு பேரும் கதைச்சம்.

நேத்து நாலு மணிக்கு ஒரு போன். கிளினிக்குல நம்பர் தந்தவையாம். இளம் குரல், நிலாவெளிப் பக்கம், பின்னால கடல் சத்தம் கேக்குது. அண்ண, இந்த வியாழன் நடக்குமா எண்டார். நடக்கும் தம்பி எண்டன். எந்த வாசலால வாறது எண்டு கேட்டார், பின் வாசல் எண்டு சொல்லத் தொடங்கிட்டு நிப்பாட்டினன். வேணாம், பஸ் ஸ்டாண்டில இறங்கி நில்லுங்க, ஆறு மணிக்கு நான் வாறன் எண்டன். ரெண்டாவது ஹெல்மெட்டைக் கழுவிக் காய வச்சிருக்கு.